படத்துக்கு வெளியே ஒரு முழங்கால்

ஒன்பதாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சிப் பாடம் எடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே ஞானபூரணிக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே தவிர வகுப்பில் இல்லை என்று. நீராவி எந்திரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயரைக் கேட்டால் முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். புத்தகத்தில் அது இல்லை.

சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற சாலையில் இருந்தது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் பாதிக்கு மேல், பட்டாசுக் கம்பெனியிலும், தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். ஞானபூரணி மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் சாத்தூர்க்காரி. அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். கணவர் ஜேசுதாசன் விருதுநகர் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸ். முப்பத்து நாலு வருஷமாக இந்த மண்ணிலேயே வளர்ந்தும் அவள் ஒரு கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனது கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வெளிநாட்டு நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருந்த பழைய புகைப்படங்களைத் தேடினாள். பஞ்சாலையில் நூல் நூற்கும் சிறுமிகள், நிலக்கரிச் சுரங்க வாசலில் கரி அப்பிய முகத்தோடு நிற்கும் பையன்கள், லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் என்று பதிமூன்று படங்கள் தேறின. பதினாலாவது படம், தேடாமலே வந்து விழுந்தது.

அதன் கீழே சிவகாசி என்று போட்டிருந்தது. ஆண்டு 1991. பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்து, மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் நேராகக் கேமராவைப் பார்த்தது. உதடு இறுகியிருந்தது. 'தீப்பெட்டித் தொழிற்சாலைச் சிறுமி, பெயர் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஞானபூரணிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த பாண்டிச்செல்வத்திடம் படங்களைக் கொடுத்தாள். அவர் மகள் அவளுடைய பழைய மாணவி. "காலண்டர் ஆர்டர் ஓடிக்கிட்டு இருக்கு டீச்சர். ஷீட்டு ஓரத்துல இம்புட்டு இடத்தச் சும்மாத்தான் வெட்டிப் போடுதோம். அதுல உங்க படத்த ஏத்திருதேன்" என்றார். அப்படித்தான் சாமி படங்களுக்குப் பக்கத்து இடத்தில் லண்டன் தொழிலாளிகள் அச்சாகி, வெட்டப்பட்டு, புதன்கிழமை காலையில் அவள் பைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்குக் கரும்பலகையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினாள். படத்தில் என்ன தெரிகிறது? என்ன தெரியவில்லை? யார், எதற்காக எடுத்தார்கள்?

முதலில் பஞ்சாலைப் படம் கை மாறிப் போனது. கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கி வழிகிற முனியராஜ் அதை ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

"டீச்சர், ஒருத்தர் காலுலயும் செருப்பு இல்ல."

"ஏழைங்க. வாங்க முடிஞ்சிருக்காது" என்றாள் முன் பெஞ்சு ஸ்வீட்டி. எந்தக் கேள்விக்கும் முதல் பதில் அவளுடையதாகத்தான் இருக்கும்.

"அதாத்தான் இருக்கணுமா? எங்கய்யா கம்பெனிக்குள்ள போகும்போது செருப்ப வெளியதான் கழத்திப் போடுவாரு. தரையில உரசித் தீ பிடிச்சிரும்ல. இங்கன என்ன காரணமோ."

இங்கன என்ன காரணமோ. இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பிள்ளை வாயிலிருந்தாவது கேட்க வேண்டும் என்று ஞானபூரணி பத்து வருஷமாகக் காத்திருந்தாள். அறுந்த நூலை முடிவதற்காகப் பிள்ளைகள் ஓடுகிற எந்திரத்தின் மேல் ஏறுவார்கள் என்றும், எண்ணெய் சிந்திய இடத்தில் வெறுங்கால்தான் பிடிமானம் கொடுக்கும் என்றும் சொன்னாள். ஸ்வீட்டி சொன்னதும் சரிதான், முனியராஜ் கேட்டதும் சரிதான் என்றாள். முனியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

லண்டன் தீப்பெட்டிப் பெண்களின் படம் வந்தபோது கதையே சொல்ல வேண்டியிருந்தது. தீக்குச்சி மருந்தில் அப்போது கலந்த ஒரு விஷத்தால் தாடை எலும்பே அழுகிப்போனதையும், நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கியதையும் சொன்னாள்.

"ஜெயிச்சாங்களா டீச்சர்?"

"ஜெயிச்சாங்க."

மணி அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கடைசிப் படத்தை மறுநாள்தான் எடுத்தாள். சிவகாசி என்றதும் வகுப்பே முண்டியடித்தது. "எங்க ஊரா" என்று நாலு குரல். ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள். பாவம் என்று எழுதினார்கள். பசியோடு இருக்கிறாள், இவளுக்கு யாரும் இல்லை என்று எழுதினார்கள். ஸ்வீட்டி தன் மணிமணியான கையெழுத்தில், 'இந்தச் சிறுமிக்குச் சிரிக்கத் தெரியாது' என்று எழுதியிருந்தாள். ஞானபூரணி அதைச் சத்தமாக வாசித்துப் பாராட்டினாள். ஜன்னலோரத்தில் உட்காரும் செல்வலட்சுமி மட்டும் வெறும் தாளைக் கொடுத்தாள். அதிகம் பேசாத பெண். ஞானபூரணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருந்தது. அதற்காக வெள்ளிக்கிழமை மாலையே பதினாலு படங்களையும், கீழே பிள்ளைகள் எழுதிய வரிகளையும் வராந்தாச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். தலைமை ஆசிரியர் இராமகிருஷ்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அபூர்வம்.

சனிக்கிழமை காலையில் பதிமூன்று படங்கள்தான் இருந்தன. சிவகாசிப் படம் இருந்த இடத்தில் ஒட்டுப்பட்டையின் நாலு துண்டுகளும், அவற்றில் சிக்கிய நாலு காகித மூலைகளும் மட்டும் மிச்சமிருந்தன.

இராமகிருஷ்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏதாவது கம்பெனி ஆளுங்க பாத்துட்டுக் கிழிச்சிருப்பாங்க. அதுவும் தீபாவளி சீசன் நேரத்துல. எனக்கு ரிட்டயராக எட்டு மாசம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று ஞானபூரணியும் நினைத்தாள். உள்ளுக்குள் ஒரு வீம்புகூட வந்தது. மறுபடியும் அச்சடித்து, இன்னும் பெரிதாக ஒட்ட வேண்டும் என்று முடிவுகட்டினாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் செல்வலட்சுமி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நோட்டுக்குள் அந்தப் படம் இருந்தது, மடியாமல், கசங்காமல்.

"நாந்தான் எடுத்தேன் டீச்சர்."

"ஏன்மா?"

"அது எங்கம்மா."

ஞானபூரணிக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. செல்வலட்சுமி படத்தில் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். புருவத்தை நடுவில் இரண்டாக்கிய ஒரு தழும்பு. "தொட்டில்ல இருந்து விழுந்தது. இப்பவும் அப்படியேதான் இருக்கு. சின்னப் பிள்ளையில வெள்ளக்காரர் ஒருத்தர் வந்து படம் எடுத்தாருன்னு அம்மா சொல்லியிருக்கு."

"அம்மா பாத்தாங்களா இத?"

"இல்ல. காட்டல." அவள் குரல் கம்மியது. "எல்லாரும் பாவம் பாவம்னு எழுதியிருக்காக. எங்கம்மா பாவம் இல்ல டீச்சர்."

அவள் அழவில்லை. அந்த வரிகளைப் பாராட்டி, அழகாக எழுதச் சொல்லி, ஊர் பார்க்க ஒட்டியது அவள்தான். "நான் வந்து அம்மாவப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். செல்வலட்சுமி ரொம்ப யோசித்துத் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து போன கொஞ்ச நேரத்தில் ஞானபூரணி அந்த வீட்டு வாசலில் நின்றாள். செல்வலட்சுமியின் அம்மா குருவம்மாள் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில், கிஃப்ட் பாக்ஸ் போடுகிற ஷெட்டில் வேலை. கணவர் நாகையா லாரிக்கு லோடு ஏற்றப் போயிருந்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இவ ஏதும் சேட்ட பண்ணிட்டாளா?"

"இல்லக்கா. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

படத்தைக் கையில் கொடுத்தாள். குருவம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்காக வாசலுக்கு நகர்ந்தாள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் முகத்தை, முன்பின் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுவரில் ஒட்டியதையும், பிள்ளைகள் எழுதியதையும் ஞானபூரணி ஒன்று விடாமல் சொன்னாள். சிரிக்கத் தெரியாது என்ற வரியையும் மறைக்கவில்லை.

"எனக்கா சிரிக்கத் தெரியாது?" குருவம்மாளின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "சிரிக்காத சிரிக்காதன்னு அன்னைக்கு என்னய மூணு தடவ அதட்டுனாக டீச்சர். அந்தப் படம் எடுக்கறவரு கூட ஒரு ஆளு வந்திருந்தாரு, அவருதான் தமிழ்ல சொன்னாரு. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பாருங்க."

"ஏன் அப்படிச் சிரிப்பு வந்துச்சு?"

"இவளாலதான்." படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். கறுப்பாக ஏதோ வளைந்து தெரிந்தது. பதினாலு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த ஞானபூரணியும், முப்பத்தொரு பிள்ளைகளும் அதைக் கவனித்ததே இல்லை. ஒரு முழங்கால். "சுப்புலட்சுமி. எனக்குப் பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்குவா. அந்த வெள்ளக்காரரு ஒரு கண்ண மூடிக் குனியுதத அப்படியே செஞ்சு காட்டுனா. அவள நகரச் சொல்லிட்டுத்தான் எடுத்தாக. முழங்கால மட்டும் விட்டுட்டாக போல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"செவத்துல ஒட்டுறதுக்கு முந்தி யார்கிட்டயாவது கேட்டீகளா டீச்சர்?"

"இல்லக்கா. பேரு தெரியலன்னு போட்டிருந்துச்சு. அதோட விட்டுட்டேன்."

"பேரு தெரியலன்னா கேக்கத்தான வேணும். லண்டன்ல எடுத்ததுன்னா சரி. இது இந்தச் சுத்துப்பட்டுல எடுத்த படம். பஸ் ஸ்டாப்புல நிக்கிற நாலு பொம்பளைகள்ட்ட காட்டியிருந்தா ஒருத்தியாவது சொல்லியிருப்பா."

ஞானபூரணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன தெரியவில்லை என்று கரும்பலகையில் எழுதியது அவள்தான். தெரியாததைத் தெரிந்துகொள்ள ஓரடிகூட எடுத்து வைக்காததும் அவள்தான்.

குருவம்மாள் காபி போட்டுக் கொடுத்தாள். ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இது இங்கனயே இருக்கட்டும்" என்றாள். ஞானபூரணி சரி என்று எழுந்து வந்தாள்.

வீட்டில் சாப்பிடும்போது ஜேசுதாசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வார்டுக்கு ஆளு வந்தா முதல்ல பேரத்தான் கேப்போம்" என்றார். "பேசுற நிலமையில இல்லன்னா கூட வந்தவங்ககிட்ட கேப்போம். எத்தன சதவீதம் காயம்ங்கறதெல்லாம் அப்புறம்தான். பேரு தெரியாத ஆளுக்கு மருந்து போடலாம். தைரியம் சொல்ல முடியாது பூரணி."

மறுநாள் வகுப்பில் அவள் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் படம் கிடைச்சிருச்சு. அது யாருன்னும் தெரிஞ்சிருச்சு. அவங்க சம்மதம் இல்லாம நான் சொல்ல மாட்டேன். அவங்ககிட்ட கேக்காம ஒட்டினது என் தப்பு" என்றாள். டீச்சர் தப்பு என்று சொன்னதைக் கேட்டு வகுப்பு திகைத்துப்போய்ப் பார்த்தது. மற்ற பதிமூன்று படங்களையும் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். தாளை நடுவில் கோடு போட்டு, கண்ணால் பார்த்ததை ஒரு பக்கமும், தாங்களாக நினைத்ததை மறுபக்கமும் எழுதச் சொன்னாள். பாவம், பசி, சோகம் எல்லாம் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. ஸ்வீட்டி வகுப்பு முழுக்க வாயே திறக்கவில்லை. ஜன்னலோரத்தில் செல்வலட்சுமி மட்டும் ரெண்டு பக்கமும் நிறைய எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் ஆயிற்று. குருவம்மாளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஞானபூரணியும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பட்டாசுக் கம்பெனியில் எதுவும் காயாது, வேலையும் ஓடாது. கம்பெனி பஸ்கள் போன வேகத்தில் திரும்பின. மூன்றாவது பீரியடில், நனைந்த குடையை மடக்கிக்கொண்டு ரெண்டு பெண்கள் வகுப்பு வாசலில் நின்றார்கள். குருவம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் தயங்கினாள். கூட வந்தவள் கொஞ்சம் பருமன். தயக்கம் என்பதே அவளிடம் இல்லை.

"மளை விட்டுட்டா வேலைக்குக் கூப்ட்டுருவாக டீச்சர், அதான் ஓடியாந்தோம்" என்றாள் குருவம்மாள். "இவதான் சுப்புலட்சுமி. ஆனைக்குட்டத்துல இட்லிக்கடை போட்டிருக்கா. ஒரே பஸ்சு ரூட்டுதான், பாத்து மூணு வருசமாச்சு. படத்தக் காட்டப் போனேன். கடையப் பூட்டிட்டுக் கூடவே வந்துட்டா."

ஞானபூரணி தன் நாற்காலியைக் காட்டினாள். குருவம்மாள் அதில் உட்காரவில்லை. பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் தலையைக் குனிந்திருந்த செல்வலட்சுமிக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. குருவம்மாள் மடியிலிருந்து படத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இது நாந்தான்" என்றாள். "பேரு குருவம்மாள். செல்வலட்சுமி அம்மா."

ஸ்வீட்டி எழுந்து நின்றாள். "சிரிக்கத் தெரியாதுன்னு நான்தான் எழுதினேன். மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

"உக்காரு தாயி. படத்தப் பாத்தா அப்படித்தான் தோணும். தோண வச்சிருக்காக." பிறகு நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சுப்புலட்சுமி குறுக்கே விழுந்தாள்.

"ஏய், நானா நடிச்சுக் காட்டுனேன்? மொதல்ல கண்ண மூடிக் காட்டுனது நீதான. அதப் பாத்துத்தான் நான் செஞ்சேன்."

"பொய் சொல்லாத. மேஸ்திரி ஒன்னயத்தான வஞ்சாரு."

"ஒனக்கும் சேத்து வாங்குனேன்ல."

வகுப்பு சிரித்தது. அந்த ரெண்டு பெண்களும் முப்பது வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். யார் சொல்வது சரி என்று முனியராஜ் கேட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்களையே காட்டினார்கள். வரலாற்றில் இப்படித்தான் நடக்கும் என்று ஞானபூரணி சொன்னாள். சாட்சி ரெண்டு என்றால் கதையும் ரெண்டு இருக்கும். ரெண்டையும் எழுதி வைக்க வேண்டியதுதான்.

குருவம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. சிரிச்சோம்னு சொன்னதுக்காக அது நல்ல காலம்னு எழுதிராதீக. கோழி கூப்பிட வேனு வந்துரும். தூக்கத்துலயே தூக்கிப் போட்டுட்டுப் போவாக. குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் வெந்த மாதிரி இருக்கும். ரெண்டாங் கிளாசோட எம் படிப்பு போச்சு. பெறகு அறிவொளி வகுப்புல போயித்தான் எழுத்துக் கூட்டப் படிச்சேன். பிள்ளைகள்னா எங்கன கொண்டுபோய் வச்சாலும் சிரிக்கும். அதுக்காக அங்கன கொண்டுபோய் வைக்கலாமா?"

மழை மட்டும் ஓட்டில் பெய்துகொண்டிருந்தது.

"கோவமா இருக்கா அத்தை?" என்று முனியராஜ் கேட்டான்.

"யார் மேல கோவப்பட? எங்கய்யாவுக்கும் அம்மாவுக்கும் நிலம் இல்ல, மளை இல்ல. என் பிள்ள இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கால்ல. அவள நான் எந்த வேலைக்கும் அனுப்பல. அதுதான் என் கோவம்."

செல்வலட்சுமி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில், பெஞ்சு நுனியில் ஒட்டி உட்கார்ந்தாள்.

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இராமகிருஷ்ணன் உள்ளே வந்து, ரெண்டு பெண்களுக்கும் கும்பிடு போட்டார். "ரிட்டயராகுறதுக்குள்ள இப்படி ஒரு வகுப்பப் பாத்துட்டேன்" என்றார். டீ வாங்கிவர ஆள் அனுப்பியதும் அவர்தான்.

படத்தின் கீழ் எழுத வேண்டியதைப் பிள்ளைகளே கூடி எழுதினார்கள். குருவம்மாள் ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு வாசித்துச் சரி சொன்னாள். 'குருவம்மாள், வயது பத்து. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். சிரிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. படத்தின் ஓரத்தில் தெரியும் முழங்கால் சுப்புலட்சுமியுடையது, வயது பதினொன்று.' தன் முழங்காலுக்கும் பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று சுப்புலட்சுமி பிடிவாதம் பிடித்தாள்.

படம் சுவருக்குத் திரும்பியது. அதே வாரம், அதை இணையத்தில் வைத்திருந்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. தமிழில் எழுதியவள் செல்வலட்சுமி. ஆங்கிலத்தில் மாற்றியவள் ஸ்வீட்டி. ஞானபூரணி எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துக் கொடுத்தாள். 'இவருடைய பெயர் எங்களுக்குத் தெரியும்' என்று கடிதம் தொடங்கியது.

பதில் வருமா என்று ஞானபூரணிக்கே சந்தேகம்தான். ஐந்து வாரம் கழித்து, தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. படத்துக்குக் கீழே பெயர்களைச் சேர்த்துவிட்டோம், தமிழிலும் ஆங்கிலத்திலும் என்று எழுதியிருந்தார்கள். படம் எடுத்தவர் காலமாகிவிட்டாராம். அதே நாளில் எடுத்த இன்னும் பதினோரு படங்கள் யாரும் பார்க்காமல் பெட்டியில் கிடந்தனவாம். அவற்றில் உள்ள பிள்ளைகள் யார் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டு, பதினொன்றையும் அனுப்பியிருந்தார்கள்.

பாண்டிச்செல்வம் இந்தத் தடவை காலண்டர் ஓரத்தில் ஏற்றவில்லை. தனியாகவே அச்சடித்துக் கொடுத்தார். ஞானபூரணி படங்களை முதலில் குருவம்மாளிடம் கொண்டுபோனாள். மூன்றாவது படத்தில் சுப்புலட்சுமி முழுசாக இருந்தாள், ரெட்டைச் சடையும் எண்ணெய் வழிகிற முகமுமாக. சின்ன வயசுப் படம் என்று அவளிடம் ஒன்றுகூட இல்லை என்று குருவம்மாள் சொன்னாள். ஏழாவது படத்தைப் பார்த்ததும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இவ இப்ப இல்ல டீச்சர். அந்த வீட்டுக்கு நான் போய்ச் சொல்லுதேன். பிள்ளைகள அனுப்பாதீக."

அந்தப் படத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தாள்.

தீபாவளி கழிந்து கம்பெனிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். ஊரில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை காலை செல்வலட்சுமி, ஸ்வீட்டி, முனியராஜ் மூவரும் மிச்சப் படங்களோடு கிளம்பினார்கள். ஞானபூரணி நாலடி பின்னால் நடந்தாள். ரெண்டு வீட்டில் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். குருவம்மாள் சொல்லியனுப்பிய மூன்றாவது வீடு லட்சுமிகாந்தத்தினுடையது. அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன வேனை ஓட்டியவர் அவர்.

"உள்ள வரலாமாய்யா?" என்று செல்வலட்சுமி கேட்டாள். "கொஞ்சம் பழைய படம் இருக்கு. பாக்கச் சம்மதம்னா காட்டுதோம். வேண்டாம்னா போயிருதோம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் படத்தை வாங்கினார். ஞானபூரணி வாசலோடு நின்றுவிட்டாள்.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றார் அவர், படத்தைப் பார்த்தபடியே. "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்திப் பேரச் சொல்லிக் கூப்புடுவேன். அம்புட்டுப் பேரும் ஞாபகம் இருக்கு. இம்புட்டு வருசத்துல யாரும் எங்கிட்ட கேக்கல. நானும் சொல்லல."

"சொல்லுதீகளா? எழுதிக்கிடுதோம்" என்றான் முனியராஜ். நோட்டைத் திறந்து தரையில் சம்மணம் போட்டான்.

அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அப்பா பெயரையும், தெருவையும், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒரு பெண் இருக்கன்குடியில் பூக்கட்டுகிறாள். ஒருத்தன் காரியாபட்டிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறான். முனியராஜின் பேனா நிற்கவே இல்லை. ஐந்தாவது படத்தில் காது பெரிதாக இருந்த ஒரு பையனைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இது சுடலை. வேன்ல ஏறுனதும் என் தோள்ல சாஞ்சு தூங்கிருவான். இப்ப விருதுநகர்ல லாரி ஓட்டுதான். நம்பர் இருக்கு, போடட்டுமா?"

"போடுங்க" என்றாள் ஸ்வீட்டி. "ஆனா படம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பாக்கணுமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்."

லட்சுமிகாந்தம் போனைத் தேய்த்து நம்பரைக் கண்டுபிடித்தார். ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். மூன்று பிள்ளைகளும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். ரெண்டு தடவை மணி அடித்தது. லாரி எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, "யாரு, லச்சுமிகாந்தண்ணனா? சொல்லுங்கண்ணே" என்று ஒரு குரல் கேட்டது.